குரைப்பும் மௌனமும்



தலைநகரில் தை மாதத்து இரவுகள் நீண்டவை. மூடுபனி தெருவிளக்குகளின் ஒளியை விழுங்கிவிடும். அரசாங்கக் குடியிருப்புகளின் சந்துகளில் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும். அவ்வேளையில் நாய்களின் குரைப்பு ஒன்றே இரவுக்குக் காவலாக எஞ்சி நிற்கும். அலுவலகக் கோப்புகளை இல்லத்துக்குக் கொணர்ந்து நள்ளிரவு வரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அக்குரைப்பு முதலில் இடையூறாகவும், பின்னர் பழக்கமாகவும், இறுதியில் ஒருவகைத் துணையாகவும் ஆகிவிடுகின்றது. சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்பவர்களுக்கு, எந்த ஊரிலும் ஒரே மொழியில் பேசும் நாயின் குரல் ஓர் ஆறுதல் அன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய இரவொன்றில் எங்கள் குடியிருப்பின் சௌக்கிதாரிடம், "இந்த நாய்கள் இராப்பொழுதெல்லாம் குரைக்கின்றனவே, உங்களுக்குச் சலிப்பாக இல்லையா?" என்று கேட்டோம். அவர் அறுபது வயதைக் கடந்தவர். கடுவால் மலைநாட்டில் பௌடி மாவட்டத்தைச் சேர்ந்தவர். கணப்புத் தீயில் கைகளைக் காய்ச்சிக்கொண்டே அவர் சொன்னார்: "பாபூஜி, நாய் குரைத்தால் கவலை இல்லை. வருவது மனிதனாக இருக்கும். இல்லையேல் நரியாக இருக்கும். எங்கள் ஊரில் நாய் வாயை மூடிக்கொண்டால்தான் நாங்கள் கதவைத் தாழிடுவோம்."

பிறகு தம் சிறுவயதில் நிகழ்ந்த ஒன்றை அவர் கூறினார். ஒரு மாலைப்பொழுதில் அவர்கள் வீட்டு நாய் குரல் ஒடுங்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலின் அடியில் பதுங்கியதாம். "காவல் காக்க வேண்டியது கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறதே" என்று அவருடைய தந்தையார் சினந்து அதை இழுத்து வெளியே தள்ளிக் கதவை அடைத்தாராம். அது கதவைப் பிறாண்டியதாம்; ஆயினும் குரைக்கவில்லையாம். விடிந்து பார்த்தபோது முற்றத்தில் சிறிது குருதியும், மலைச்சரிவை நோக்கி ஏதோ ஒன்று இழுத்துச் செல்லப்பட்ட தடமுமே இருந்தனவாம். அவ்வூரார் 'பாக்' என்று அழைக்கும் சிறுத்தை வந்து சென்றிருந்தது.

"அது எங்களுக்குச் சொல்லத்தான் செய்தது, பாபூஜி. எங்களுக்குத்தான் விளங்கவில்லை" என்று கூறி அவர் தீயில் மேலும் ஒரு சுள்ளியை இட்டார்.

அந்தச் சொற்கள் நம் உள்ளத்தில் தங்கிவிட்டன. கொடிய விலங்கு அருகே வருங்கால் வீட்டு நாய் யாது செய்கின்றது? குரைக்கின்றதா, எதிர்க்கின்றதா, ஒளிகின்றதா? இந்நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக நாயைத் துணையாகக் கொண்டு புலியும் சிறுத்தையும் ஓநாயும் உலவிய நிலத்தில் வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் இதனை எவ்வாறு கண்டனர்? கல்லிலும் ஏட்டிலும் அவர்கள் விட்டுச் சென்ற சான்றுகளுள் சிலவற்றை இங்கே ஒருசேர நோக்குவோம்.

முதலில் நாயின் பிறப்பைப் பற்றிச் சில சொற்கள். நாய் என்பது ஓநாய்க் குலத்திலிருந்து மனிதனோடு வந்து சேர்ந்த விலங்கு. மனிதன் பயிர்த்தொழிலைக் கற்பதற்கு முன்பே, ஏறக்குறைய பதினையாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்னரோ, இவ்வுறவு தொடங்கிவிட்டது என்பது அறிஞர் துணிபு. ஆடும் மாடும் குதிரையும் அதற்குப் பின் வந்தவையே. ஓநாய் அரிதாகவே குரைக்கும்; ஊளையிடுதலே அதன் வழக்கம். நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கும். மனிதனோடு வாழ்ந்ததால் மிகுந்து வளர்ந்த குரல் அது. ஆகவே, குரைப்பு என்பது நாய் பகைவனை நோக்கி எழுப்பும் ஒலி மட்டுமன்று. தனக்குப் பின்னால் இருக்கும் மனிதனை அழைக்கும் அழைப்புமாகும்.

மோப்பமோ குரைப்பினும் பழைமையானது. காட்டையே கண்டறியாத நாய்களும் கொடுவிலங்கின் வாடையை உணருமா என்பதை நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் சோதித்தறிந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கரடி, காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த லிங்க்ஸ் ஆகிய ஊனுண்ணிகளின் வாடையையும், தாவரம் உண்ணும் நீர்நாய் போன்ற பீவரின் வாடையையும் வீட்டு நாய்கள் முன் வைத்தனர். அந்நாய்கள் ஊனுண்ணிகளின் வாடைக்கு அருகில் தங்கிய நேரம் குறைந்திருந்தது. அவ்விலங்குகளை அவை தம் வாழ்நாளில் எதிர்ப்பட்டவை அல்ல. முன்னோர் அடைந்த அச்சம் இரத்தத்தில் ஊறி வந்திருக்கின்றது என்றே கொள்ளல் வேண்டும். பௌடி மலையில் கட்டிலுக்கடியில் பதுங்கிய நாய் கோழையன்று. அதன் மூக்கு அறிந்ததை அதன் உடல் கூறிற்று. அவ்வளவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். காசுமீரத்தில் சீநகருக்கு அண்மையில் பூர்ஜஹோம் என்னும் இடம் உண்டு. புதிய கற்கால மக்கள் மண்ணைக் குடைந்து குழிவீடுகளில் வாழ்ந்த இடம் அது. 1960-ஆம் ஆண்டு தொடங்கித் தொல்பொருள் துறையினர் அங்கே நிகழ்த்திய அகழ்வில், மனிதரோடு நாய்களையும் சேர்த்துப் புதைத்த குழிகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த கற்பலகை ஒன்றில், வேடர் இருவர் மானொன்றைத் தாக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அக்காட்சியில் நாயும் இடம்பெற்றிருக்கின்றது. பனியும் கரடியும் சிறுத்தையும் சூழ்ந்த நிலத்தில் வாழ்ந்த அம்மக்கள், வாழ்விலும் சாவிலும் நாயைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டனர்.

சிந்துவெளியில் சான்ஹுதாரோ என்னும் ஊரில் கிடைத்த செங்கல் ஒன்று நமக்கு வியப்பூட்டுவது. ஈரம் உலராத அச்செங்கல்லின் மேல் பூனையின் அடித்தடமும், அதைத் துரத்திய நாயின் அடித்தடமும் பதிந்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு துரத்தல் கல்லாகிவிட்டது! மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்த சுடுமண் நாய்ப் பொம்மைகளுள் சிலவற்றின் கழுத்தில் பட்டை காணப்படுகின்றது. பட்டை என்றால் உடையவன் உண்டு என்று பொருள். இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றோம். கழுத்துப்பட்டையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரும்.

வேத காலத்தில் நாய்க்குப் பெருமை உண்டு. பணியர் கவர்ந்து ஒளித்த பசுக்களைத் தேடிக் கண்டவள் இந்திரனின் தூதாகிய சரமை என்னும் தேவநாய். அவள் வழிவந்த நாய்களே யமனுடைய பாதையைக் காக்கும் நான்கு கண்ணுடைய காவலர்கள். இமயமலை இடையரின் கரிய நாய்களுக்குக் கண்களின் மேல் இரு செம்புள்ளிகள் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த 'நான்கு கண்' வருணனை எங்கிருந்து பிறந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வீட்டு நாயை விளித்துப் பாடும் பகுதி ஒன்று உண்டு. கள்வனையும் கொள்ளைக்காரனையும் காட்டுப்பன்றியையும் எதிர்த்துச் செல்லுமாறும், துதி பாட வந்த தம்மை விட்டுவிட்டு உறங்குமாறும் நாயிடம் அதில் கேட்டுக்கொள்கின்றனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் நாய் இரவில் அயலாரைக் கண்டு குரைத்தது. மனிதரும் அதனிடம் "இப்போது போதும்" என்று கெஞ்சினர்.

வீட்டு நாய் ஒருபுறம் இருக்க, வேட்டைக்கும் போருக்கும் வளர்க்கப்பட்ட பெருநாய்களின் புகழ் வேறு. பரதன் தன் பாட்டனாரின் கேகய நாட்டிலிருந்து அயோத்திக்குத் திரும்பும்போது, அரண்மனையில் வளர்ந்தவையும், புலிக்கு நிகரான வலிமையும் பெரிய பற்களும் உடையவையுமான நாய்களைக் கேகய மன்னன் பரிசாக அளித்ததாக வால்மீகி முனிவர் கூறுகின்றார். கேகயம் என்பது பஞ்சாபின் வடமேற்குப் பகுதி.

இது கவியின் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. கி. மு. 326-இல் அலெக்சாந்தர் பஞ்சாபிற்கு வந்தபோது, சோபைதீசு என்று கிரேக்கர் குறிக்கும் மன்னன் அவனுக்கு 150 நாய்களை அளித்தான். அவற்றின் ஆற்றலைக் காட்டுவதற்காக ஒரு சிங்கத்தின்மேல் முதலில் இரண்டையும், பின்னர் மேலும் இரண்டையும் ஏவினர். சிங்கத்தைக் கவ்விய நாய் ஒன்றின் காலை ஒருவன் அறுக்கத் தொடங்கினான்; அது கத்தவும் இல்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை என்று தியோதோரசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பே, பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநன் ஒருவன் இந்திய நாய்களைத் திரளாக வைத்திருந்தான் என்றும், அவற்றுக்கு உணவளிக்கும் பொறுப்புக்காக நான்கு ஊர்களுக்குப் பிற வரிகள் நீக்கப்பட்டன என்றும் எரோடோட்டசு கூறுகின்றார்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் நன்று. அந்த நாய்கள் சிங்கத்தை எதிர்த்தன என்பது உண்மை. ஆனால் அவை தாமாகச் சென்று எதிர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவனும், ஏவியவனும், சுற்றி நின்று பார்த்தவனும் மனிதனே. நாயின் வீரத்தைப் பாடிய ஏடுகளில் எங்கே பார்த்தாலும் அதன் பின்னால் ஒரு மனிதன் நிற்கின்றான். மனிதன் இல்லாதபோது என்ன ஆகும்? இவ்வினாவுக்கு மகாபாரதம் விடை கூறுகின்றது.

சாந்தி பருவத்தில் வீடுமர் தருமருக்கு உரைக்கும் கதை அது. காட்டில் தவம் செய்யும் முனிவர் ஒருவரின் ஆசிரமத்தை ஊர்நாய் ஒன்று அடைந்து, கிழங்கும் கனியும் உண்டு அவரை விட்டு நீங்காமல் வாழ்ந்தது. ஒருநாள் பசி கொண்ட சிறுத்தை ஒன்று அதைப் பற்ற வந்தது. நாய் எதிர்க்கவில்லை, முனிவரின் காலடிக்கு ஓடிவந்து அடைக்கலம் புகுந்தது. முனிவர் தம் தவவலியால் அதையும் சிறுத்தையாக்கினார். அடுத்துப் புலி வந்தது, அதைப் புலியாக்கினார். பின்னர் யானைக்கு அஞ்சியபோது யானையாக்கினார்; சிங்கத்துக்கு அஞ்சியபோது சிங்கமாக்கினார்; இறுதியில் சரபம் என்னும் எட்டுக்கால் விலங்காகவும் ஆக்கினார். அஞ்சுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தவுடன், அது முனிவரையே உண்ண எண்ணியது. அதை உணர்ந்த முனிவர் அதைப் பழையபடி நாயாக்கிவிட்டார்.

எவரையும் அவரவர் தகுதிக்கேற்ற நிலையில் வைக்க வேண்டும் என்னும் அரச நீதிக்கு எடுத்துக்காட்டாகவே வீடுமர் இதைக் கூறினார். ஆயினும் கதையின் முதற்பகுதியை நாம் வேறு கண்கொண்டு பார்க்கலாம். கதை செய்தவர் நாயை நன்கு அறிந்தவர். சிறுத்தையைக் கண்ட ஊர்நாய் செய்வது யாது? தன் மனிதனிடம் ஓடிவருவது. அடைக்கலம் தேடுவதே அதன் இயல்பு. இதைக் கேட்ட தருமரே பிற்காலத்தில் இமயத்தின் உச்சியில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மாட்டேன் என்று மறுத்தார். அடைந்தாரைக் கைவிடலாகாது என்பதே அவர் காட்டிய காரணம். நாயைப் பற்றி இந்நாட்டில் எழுந்த அறம் முழுவதும் அந்த ஒரு மறுப்பில் அடங்கிவிட்டது எனலாம்.

தென்னாட்டிலும் நாயின் துணிவைக் கல்லில் வெட்டி வைத்தனர். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் அதில் காட்டப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. நாய்க்கும் பெயர் உண்டு. அப்பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றது!

கன்னட நாட்டு ஆதகூர்க் கல் இதனினும் சிறப்புடையது. கி. பி. 949-இல் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் சோழர் இராட்டிரகூடரோடு பொருதனர். பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே அப்போரில் மாண்டது தமிழர் அறிந்த செய்தி. அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனின் படைத்தலைவன் மணலேரன் என்பவன். போரில் காட்டிய திறத்துக்காக "வேண்டியதைக் கேள்" என்று மன்னன் கூறியபோது, அவன் பொன்னையோ நாட்டையோ கேட்கவில்லை. காளி என்னும் பெயருடைய வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் அந்நாயை ஏவியபோது இரண்டும் ஒன்றையொன்று தாக்கி மாண்டன. மணலேரன் கல் நட்டு, நிலமும் விட்டு, அக்கல்லுக்குப் பூசை நடைபெறவும் ஏற்பாடு செய்தான். அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சோழ இளவரசனின் சாவையும் ஒரு நாயின் சாவையும் ஒருங்கே கூறும் கல் அது. பெங்களூரில் வாழும் தமிழ் அன்பர்கள் ஒருமுறையேனும் அதைக் காணவேண்டும்.

முகலாயர் காலத்துச் செய்திகளும் உண்டு. அக்பர் நாய்களை விரும்பி வளர்த்தார் என்றும், காபூல் நாட்டிலிருந்து, சிறப்பாக ஹசாராப் பகுதியிலிருந்து, நல்ல நாய்கள் தருவிக்கப்பட்டன என்றும், அவை புலியையும் எதிர்க்கும் என்றும் அபுல் பசல் எழுதியுள்ளார். சகாங்கீர் காலத்தில், 1615-ஆம் ஆண்டையொட்டி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மாஸ்டிப் என்னும் இனத்துப் பெருநாய் ஒன்றைக் கொணர்ந்தனர். அதைச் சிறுத்தையோடு பொரவிட்டபோது, அது கவ்விய பிடியினால் சிறுத்தை சில நாழிகைகளில் மாண்டதாம். பின்னர் பாரசீகத்திலிருந்து வந்த நாய்கள் காட்டுப்பன்றியை நெருங்காமல் நின்றபோது, பேரரசர் இதனை வரவழைத்தார். இது உடனே பன்றியைப் பற்றியது. இதன்பின் வந்த மாஸ்டிப் நாய்களைப் பேரரசர் பல்லக்கில் ஏற்றிப் பணியாளரையும் அமர்த்தினார் என்று அந்நாளில் அரசவைக்கு வந்திருந்த ஆங்கிலப் பாதிரியார் டெர்ரி குறித்துள்ளார். பல்லக்கில் ஏறிய நாய்களின் கதை இது. ஏழை இடையனின் நாய்க்குப் பல்லக்கு ஏது? அதற்கு வேறொன்று கிடைத்தது.

இமாசலத்தில் சம்பா, காங்கரா மலைகளில் கத்தி என்னும் இடையர் குலத்தார் வாழ்கின்றனர். கோடையில் தௌலாதார் மலைத்தொடரைக் கடந்து உயர்ந்த புல்வெளிகளுக்கு ஆடுகளை ஓட்டிச் செல்வர். குளிர்காலத்தில் அடிவாரத்துக்கு இறங்குவர். நம் தென்பாண்டி நாட்டுக் கீதாரிகளைப் போல் இவர்களுக்கும் கிடையே வீடு. சிறுத்தையும் கரடியும் இராப்பொழுதில் கிடையைச் சுற்றும். இவர்களுடைய நாயின் கழுத்தில் கூரிய முட்கள் பதித்த இரும்புப் பட்டை பூட்டப்படும். ஏன் தெரியுமா? சிறுத்தை முதலில் பற்றுவது கழுத்தை. ஒரே கவ்வில் மூச்சு அடங்கிவிடும். நாய்க்குக் குரல் எழுப்பவும் நேரம் இராது. இரும்புப் பட்டை அந்த முதற்கவ்வைத் தடுத்துவிடுமாயின் நாய்க்குச் சில நொடிகள் கிடைக்கின்றன. அந்தச் சில நொடிகளில் அது குரைக்கும், மற்ற நாய்களும் சேர்ந்துகொள்ளும், இடையர் விழித்துக்கொண்டு கொள்ளிக்கட்டையோடு கூவி வருவர், சிறுத்தை விலகிவிடும்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சிந்தியுங்கள். நாய் சிறுத்தையை வெல்ல வேண்டும் என்று கத்தியர் எதிர்பார்க்கவில்லை. அது உயிரோடு இருந்து தங்களை எழுப்பினால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். காவல் என்பது நாயின் தனித்தொழில் அன்று. நாயும் மனிதனும் பகுத்துக்கொண்ட தொழில். மூக்கும் செவியும் நாயினுடையவை. நெருப்பும் பட்டையும் மனிதனுடையவை. இந்தக் கத்தி நாய் 2025-ஆம் ஆண்டில் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள நிறுவனத்தாரால் நாட்டு இனமாகப் பதிவு செய்யப்பட்டது. அதற்கு முன் பதிவு பெற்றவை நம் இராசபாளையமும் சிப்பிப்பாறையும், கருநாடகத்து முதோலும் ஆகும்.

உடன்படிக்கையில் ஒரு பக்கம் தளர்ந்தால் நிகழ்வதை மலைநாட்டார் அறிவர். 1918 முதல் 1926 வரை கடுவாலில் உருத்திரப்பிரயாகைப் பகுதியில் உலவிய ஆட்கொல்லிச் சிறுத்தை, அரசாங்கக் கணக்கின்படி 125 மக்களைக் கொன்றது. பத்ரிநாத யாத்திரை வழியில் பொழுது சாய்ந்ததும் கதவுகள் எல்லாம் அடைபட்டன. 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார். அச்சம் என்பதை அணுவணுவாக அறிந்த அந்த வேட்டைக்காரர், 'குமாவும் புலிகள்' என்று தமிழர் அறிந்த தம் 1944-ஆம் ஆண்டு நூலில் ராபின் என்னும் தம் சிறு நாயைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதினார். காயமுற்ற சிறுத்தை சீறிப் பாய்ந்தபோது ராபின் ஓடிவிட்டது. பின்னர் தன் செயலுக்கு நாணிற்று. கார்பெட் அதைக் கடிந்துகொள்ளவில்லை, தேற்றினார். ராபின் மீண்டும் அவரோடு காட்டுக்குச் சென்றது. அச்சம் குற்றமன்று என்று அறிந்த மனிதனிடம்தான் நாய்க்கும் துணிவு திரும்பி வருகின்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். காடு தொலைவில் உள்ளது, சிறுத்தை வேறு உலகத்தது என்று நகரத்தார் எண்ணுவது பிழை. மகாராட்டிரத்தின் அகோலே வட்டாரத்தில், கரும்புத் தோட்டங்களுக்கிடையே வாழும் சிறுத்தைகளின் உணவைப் பற்றிய ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவை உண்ட இரையின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். நாய் மட்டும் 39 விழுக்காடு. ஆட்டையும் மாட்டையும் மனிதர் இரவில் கொட்டிலில் அடைக்கின்றனர். நாயை வெளியே விடுகின்றனர். சிறுத்தை எளிதில் கிடைப்பதை எடுத்துக்கொள்கின்றது.

பம்பாய் மாநகரில் நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். போரிவலி, கோரேகாவ், முலுந்து ஆகிய பகுதிகளை ஒட்டி, 100 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அங்குள்ள சிறுத்தைகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,500 தெருநாய்களை உண்கின்றன என்று 2018-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதனால் பூங்காவைச் சுற்றியுள்ள இடங்களில் நாய்க்கடியும் வெறிநாய்க்கடி நோயின் அபாயமும் குறைவதாகவும் அது கூறிற்று. தில்லியிலும் 2016-ஆம் ஆண்டில் யமுனைக் கரைப் பல்லுயிர்ப் பூங்காவில் சிறுத்தை ஒன்று காணப்பட்டுப் பெரும் பேச்சாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தெருநாய் இரையாவது மட்டுமன்று. வனவிலங்குக்குத் தீங்காகவும் ஆகக்கூடும். 2018-ஆம் ஆண்டு குசராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மாண்டன. அவற்றுள் சிலவற்றில் நாய்களிடையே பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் நச்சுயிர் கண்டறியப்பட்டது. அலெக்சாந்தர் முன்னிலையில் நான்கு நாய்கள் சேர்ந்து செய்ததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி செய்துவிட்டது. ஊரோரங்களில் மலைபோல் குவியும் குப்பை நாய்களைப் பெருக்குகின்றது. பெருகிய நாய்கள் சிறுத்தையை ஊருக்குள் அழைக்கின்றன. நோயைக் காட்டுக்குள் கொண்டுசெல்கின்றன. இவ்வட்டத்தின் தொடக்கத்தில் நிற்பவர்கள் குப்பையைக் கொட்டிய நாமே. தெருநாய்களைப் பற்றிய வழக்கு 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, சிலர் நாய்க்காகவும் சிலர் மனிதருக்காகவும் வாதிட்டனர். இரண்டும் வேறு வேறு கட்சிகள் என்று எண்ணியதே நம் காலத்தின் மறதி என்று தோன்றுகின்றது.

பூர்ஜஹோமின் குழி முதல் கத்தியரின் இரும்புப் பட்டை வரை நாம் கண்டவை ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கொடுவிலங்கின் முன் நாய்க்குத் தனியாகத் துணிவு இல்லை. மனிதனோடு சேர்ந்தே அதற்குத் துணிவு வருகின்றது. உடையவன் இருந்தால் அது காவலன். உடையவன் இல்லையேல் அது இரை. சிந்துவெளிப் பொம்மையின் கழுத்திலிருந்த பட்டை, அடிமைத்தனத்தின் அடையாளம் என்பதினும் ஒரு பொறுப்பின் அடையாளம் என்பதே பொருந்தும்.

ஆதலின், காடும் குன்றும் அருகிலுள்ள ஊர்களில் வாழும் அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். வளர்க்கும் நாயை இரவில் வெளியே கட்டிவைத்தல் அதை இரையாக வைத்தலேயாம், உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். உணவுக் கழிவைத் தெருவில் கொட்டாதீர்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவியுங்கள். என்றும் குரைக்கும் நாய் ஒருநாள் குரல் ஒடுங்கி, மயிர் சிலிர்த்து, வாலை இடுக்கிக் கதவருகே வந்து நின்றால், அதைக் கடிந்து துரத்தாமல் கதவைத் திறந்து உள்ளே விட்டுத் தாழிடுங்கள். குழந்தைகளை வெளியே அனுப்பாதீர்கள்.

அந்தச் சௌக்கிதார் இப்போது பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிவிட்டார். புறப்படுமுன் அவர் நம் இல்லத்துக்கு வந்து விடைபெற்றார். "ஊரில் நாய் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டோம். "ஒன்று இருக்கிறது, பாபூஜி. இராத்திரியில் அது வீட்டுக்குள்ளேதான் படுத்துக்கொள்ளும். கட்டிலுக்கடியில் அதற்கென்று ஒரு கோணி விரித்திருக்கிறேன்" என்றார்.

அவருடைய தந்தையார் வெளியே தள்ளிய அதே இடத்தில் மகன் கோணி விரித்திருக்கின்றார். மூடுபனி இரவுகளில் நம் தெருவின் நாய்கள் குரைக்கும்போதெல்லாம் அந்தக் கோணி நம் நினைவுக்கு வருகின்றது. அவை சற்றே குரல் ஓயும்போது, எழுதுவதை நிறுத்தி நாமும் செவி சாய்த்துக் கேட்கின்றோம்.